பச்சைப் புள்ளிப் பாதை

ஊர்ப் பொதுக் குளத்தில் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அக்குளத்தின் கரையை வெட்டும் உரிமை எவருக்கும் இல்லை. குளத்தின் கரை கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் அதனைக் காப்பதும் எளிது. காட்டுக்கும் புல்வெளிக்கும் அத்தகைய கரை யாது? எல்லோருக்கும் பொதுவாகிய நிலத்தில் ஒருவன் எவ்வளவு தொலைவு செல்லலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதை எவ்வாறு வரையறுப்பது? ஐக்கிய அமெரிக்க நாடுகளுள் ஒன்றாகிய வாஷிங்டன் மாநிலம் இவ்வினாவுக்கு எளியதொரு விடையைக் கண்டுள்ளது. பாதையோரத்துக் கம்பத்தில் பொறிக்கப்பட்ட ஒரு பச்சைப் புள்ளியே அவ்விடை.

இம்மாநிலம் அந்நாட்டின் தலைநகராகிய வாஷிங்டன் அன்று. நாட்டின் வடமேற்கு மூலையில், பசிபிக் மாகடலை ஒட்டி அமைந்த நிலப்பகுதி. இதனை வடக்கு தெற்காகப் பிளந்து கொண்டு காஸ்கேட் என்னும் மலைத்தொடர் நிற்கிறது. கடலிலிருந்து எழும் மேகங்கள் மேற்குச் சரிவிலேயே தம் நீரைக் கொட்டிவிடுகின்றன. ஆகையால் மலைக்கு மேற்கே வானளாவிய மரங்கள் அடர்ந்த பசுங்காடுகளும், கிழக்கே மழை மறைவு நிலங்களும் காணப்படுகின்றன. கிழக்குப் பகுதியில் உள்ள யாக்கிமா நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அளவே ஆகும். முல்லையும் பாலையும் கலந்த நிலம் என்று அதனைக் கூறலாம். பண்டைக் காலத்தில் பெருக்கெடுத்து ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு கரும்பாறையாக அங்கே படிந்துள்ளது. அதன்மேல் மெல்லிய மண். அம்மண்ணில் கொத்துக் கொத்தாக வளரும் புல். இடையிடையே சாம்பல் நிற இலைகளையுடைய சேஜ் என்னும் புதர். நம் நாட்டு மரிக்கொழுந்தும் இப்புதரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மழை பெய்தவுடன் அப்புதர்க்காடு முழுவதும் மணம் கமழும்.

வறண்ட நிலம் என்பதனால் அது வெறும் நிலம் ஆகிவிடாது. எல்க் என்னும் பெருமான்கள் அங்கே கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. எல்க் மான் நம் நாட்டுக் கடமானைக் காட்டிலும் பெரியது. வளர்ந்த ஆண்மான் முந்நூறு கிலோகிராமுக்கு மேலும் எடையிருக்கும். கோடைக் காலத்தில் இம்மான்கள் மலையின் உயர்ந்த காடுகளில் மேய்கின்றன. குளிர்காலத்தில் உயரமான இடங்களைப் பனி மூடிவிடவே, அவை உணவை நாடித் தாழ்ந்த சரிவுகளுக்கு இறங்கிவருகின்றன. பெருங்கொம்புடைய காட்டுச் செம்மறிகளும், பலவகைப் பறவைகளும் இந்நிலத்தையே நம்பி வாழ்கின்றன.

இன்று காணப்படும் இக்கூட்டங்கள் தாமாகவே நிலைத்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய மக்கள் அளவின்றி வேட்டையாடியதாலும், நிலங்களைத் திருத்தி வேளாண்மை செய்ததாலும், அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் எல்க் மான்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. பின்னர், 1913ஆம் ஆண்டில், எல்லோஸ்டோன் பகுதியிலிருந்து எல்க் மான்கள் கொண்டுவரப்பட்டு யாக்கிமாவை அடுத்த மலைப்பகுதியில் விடப்பட்டன. அவை பல்கிப் பெருகின. ஆனால் அவை குளிர்காலத்தில் இறங்கி வந்து மேய்ந்திருக்க வேண்டிய பள்ளத்தாக்குகளில் இதற்குள் ஆப்பிள் தோட்டங்கள் எழுந்துவிட்டன. பசித்த மான் தோட்டத்திற்குள் புகுந்தால் உழவன் வாடுவான். புகாவிட்டால் மான் மடியும். இவ்விடரைத் தீர்ப்பதற்காக மாநில அரசாங்கம் மலைச்சரிவுகளில் நிலங்களை விலைக்கு வாங்கி, விலங்குகளுக்கென ஒதுக்கியது. தோட்டங்களின் ஓரமாக உயர்ந்த வேலிகளை நெடுந்தொலைவு அமைத்தது. ஓக் கிரீக் என்னும் இடத்தில் குளிர்காலத்தில் உலர்ந்த புல்லை இட்டு மான்களுக்கு உணவளிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. பனி போர்த்த வெளியில் நூற்றுக்கணக்கான மான்கள் ஒருங்கே நின்று புல் மேய்வதைக் காண மக்கள் அங்கே திரளுகின்றனர்.

இத்தகைய நிலங்களை வாங்குவதற்குப் பொருள் வேண்டுமன்றோ? 1937ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் என்பதொன்று இயற்றப்பட்டது. வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் முதலியவற்றின்மீது விதிக்கப்படும் வரியை விலங்குகளின் நலத்துக்காகவே மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்க அச்சட்டம் வழிவகுத்தது. வேட்டையாடுவோர் தரும் பொருளே விலங்குகள் வாழும் நிலத்தைக் காக்கலாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தின் மீன் மற்றும் வனவிலங்குத் துறை இன்று முப்பதுக்கும் மேற்பட்ட வனவிலங்குப் பகுதிகளை மேற்பார்த்து வருகிறது. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் ஆகும்.

இவை தேசியப் பூங்காக்களைப் போன்றவை அல்ல. தேசியப் பூங்காவில் விலங்கைக் காணலாம். வேட்டையாடுதல் பொதுவாக இயலாது. வனவிலங்குப் பகுதிகளிலோ குறித்த பருவத்தில், உரிமம் பெற்று வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், பறவைகளைக் காணலாம், நடக்கலாம், குதிரையேறிச் செல்லலாம். சிலவிடங்களில் கால்நடை மேய்ச்சலுக்கும் இடம் உண்டு. இங்கே சீரான தார்ச் சாலைகள் அரியன. கல்லும் குழியும் நிறைந்த மண்பாதைகளே மிகுதி. ஆகையால் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் போன்ற வண்டிகளை ஓட்டுவோர் இவ்விடங்களைப் பெரிதும் விரும்புகின்றனர். கரடுமுரடான மேட்டில் வண்டியை ஏற்றி இறக்குவதில் ஒரு வீர விளையாட்டின் இன்பம் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. 2011ஆம் ஆண்டு முதல், மாநில நிலங்களுக்கு வண்டியில் வருவோர் கட்டணம் செலுத்திப் பெறும் சீட்டொன்றை வண்டியில் வைத்திருத்தல் வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது.

இனி, பச்சைப் புள்ளியின் பொருளைக் காண்போம். எல்லென்ஸ்பர்க், யாக்கிமா ஆகிய நகரங்களைச் சூழ்ந்த மலைப்பகுதிகளில், வனவிலங்குத் துறையின் நிலங்களும் இயற்கை வளத்துறையின் நிலங்களும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவ்விரு துறைகளும் கூடி ஓர் ஏற்பாட்டைச் செய்துள்ளன. மோட்டார் வண்டிகள் செல்லத்தக்க பாதைகளில் வெண்ணிற அடையாளப் பலகைகள் நடப்பட்டு, அவற்றில் ஒளியை எதிரொளிக்கும் வட்டமான பச்சைப் புள்ளி பொறிக்கப்பட்டுள்ளது. புள்ளி உள்ள பாதையில் வண்டி செல்லலாம். புள்ளி இல்லாத பாதையில் வண்டி செல்லலாகாது. அங்கே நடந்தோ குதிரையிலோ செல்ல வேண்டும்.

இவ்விதியில் ஒரு நுட்பம் உள்ளது. பொதுவாக மக்கள், 'தடை' என்று எழுதப்படாத இடமெல்லாம் தமக்குத் திறந்த இடம் என்று எண்ணுவது வழக்கம். இங்கேயோ, 'செல்லலாம்' என்று குறிக்கப்படாத இடமெல்லாம் மூடிய இடமாகும். வேலி இல்லை, கதவு இல்லை, காவலர் இல்லை என்பதனால் வழி திறந்துவிடாது. முன்னே சென்ற ஒருவனுடைய வண்டித் தடம் தெளிவாகத் தெரிந்தாலும், அத்தடம் பாதை ஆகிவிடாது. பத்து இலட்சம் ஏக்கருக்கும் வேலியிடுதலும், தடைப்பலகை நடுதலும் இயலாத செயல். விலக்க வேண்டிய இடங்களை எண்ணுவதைக் காட்டிலும், செல்லத்தக்க பாதைகளை எண்ணிக் குறிப்பது எளிது. இவ்வெளிமையே அவ்வேற்பாட்டின் சிறப்பு.

"ஒரு வண்டி பாதையை விட்டுப் பத்தடி விலகிச் சென்றால் என்ன கெட்டுவிடும்? அங்கே பயிர் இல்லை, வீடு இல்லை. வெறும் மண்தானே இருக்கிறது!" என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு அந்த மண்ணே விடை கூறும்.

சேஜ் புதர்களுக்கிடையே உள்ள தரையைக் குனிந்து நோக்கினால், அது கரடுமுரடான ஒரு தோலால் மூடப்பட்டிருப்பது தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், பாசிகள், பாறைப்பூக்கள் ஆகியவை பின்னிப் பிணைந்து உண்டாக்கிய உயிருள்ள தோல் அது. அதன் கனம் சில மில்லிமீட்டரே. நீல பச்சை நுண்ணுயிர்கள் பசை போன்ற இழைகளைப் பரப்பி மண்துகள்களைக் கட்டி வைக்கின்றன. ஆகவே காற்று மண்ணை வாரிச் செல்வதில்லை; மழைநீர் அரித்துச் செல்வதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து வளமூட்டும் வேலையையும் இவ்வுயிர்களுள் சில செய்கின்றன. உழவன் எருவிடாத அந்நிலத்துக்கு எருவிடுவது இத்தோலே எனலாம்.

கோடையில் உலர்ந்து கிடக்கும் இத்தோல் எளிதில் நொறுங்கக்கூடியது. கனத்த வண்டியின் சக்கரம் ஒருமுறை ஏறினாலே அது பொடிந்துவிடும். மீண்டும் அது படர்ந்து முன்னிலையை அடைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சிலவிடங்களில் பல பத்தாண்டுகளும் ஆகும். வறண்ட நிலம் வடுவை எளிதில் மறப்பதில்லை. வாஷிங்டனுக்குத் தெற்கே, கலிபோர்னியா மாநிலத்தின் மொஹாவிப் பாலையில், இரண்டாம் உலகப் போரின்போது 1942ஆம் ஆண்டில் படைப்பயிற்சி தொடங்கியது. அப்பயிற்சியில் ஓடிய டாங்கிகளின் தடங்கள் இன்றும் அப்பாலையின் சிலவிடங்களில் காணப்படுகின்றன. போர் முடிந்தது, போரிட்ட தலைமுறையும் பெரும்பாலும் மறைந்தது, சக்கரத்தின் வடு மறையவில்லை.

தோல் பொடிந்த இடத்தில் நேர்வது இன்னும் கொடியது. அங்கே முதலில் முளைப்பது அந்நிலத்துக்குரிய கொத்துப்புல் அன்று; ஐரோப்பா, ஆசியாக் கண்டங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அங்கே வந்து சேர்ந்த ஓர் அயற்புல். 'ஏமாற்றுப்புல்' என்னும் பொருள்படும் பெயரால் அதனை அந்நாட்டார் அழைக்கின்றனர். அதன் விதைகள் காலுறையிலும், விலங்கின் மயிரிலும், வண்டியின் அடிப்பாகத்துச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ஆகவே சக்கரமானது நிலத்தைக் கீறுவதோடு, கீறிய இடத்தில் விதைத்தும் செல்கிறது! இப்புல் மற்றப் புற்களுக்கு முன்னரே முளைத்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து சருகாகிவிடும். கொத்துப்புற்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால், முன்னாளில் தீ எளிதில் பரவுவதில்லை. ஏமாற்றுப்புல்லோ அவ்வெற்றிடங்களையெல்லாம் நிரப்பி, ஒரு பொறி விழுந்தால் காத வழிக்குத் தீயைக் கொண்டுசெல்லும் விரிப்பாகிவிடுகிறது.

தீயினால் மிகுதியும் அழிவது சேஜ் புதர். எரிந்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் தன்மை பெரும்பாலான சேஜ் புதர்களுக்கு இல்லை. விதையிலிருந்தே புதிதாக வளர வேண்டும். அது வளருமுன் ஏமாற்றுப்புல் மறுபடியும் தழைத்துவிடும். சேஜ் புதர் அழிந்தால் அதனையே நம்பி வாழும் சேஜ் கோழி என்னும் காட்டுப்பறவையும் அழியும். இப்பறவை குளிர்காலத்தில் ஏறக்குறைய சேஜ் இலையை மட்டுமே உண்டு வாழ்கிறது. அப்புதரின் அடியிலேயே கூடு கட்டுகிறது. இளவேனிற் காலத்து விடியற்பொழுதில் சேவல்கள் பொதுவான ஒரு திடலில் கூடி, வாலை விசிறி போல் விரித்து, நெஞ்சைப் புடைத்து ஆடும் காட்சி கண்கொள்ளாக் காட்சியாகும். வாஷிங்டன் மாநிலம் இப்பறவையை 1998ஆம் ஆண்டில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என அறிவித்தது; 2021ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என அறிவிக்க நேர்ந்தது. இதற்கு முந்திய ஆண்டு, 2020 செப்டம்பரில், அம்மாநிலத்தின் டக்ளஸ் மாவட்டத்தில் எழுந்த பெருந்தீ இப்பறவைகளின் வாழிடத்தில் பெரும்பகுதியைச் சில நாள்களில் அழித்துவிட்டது. வளர்வதற்குப் பல்லாண்டு வேண்டும். அழிவதற்குச் சில நாள் போதும். பத்தடி விலகிச் சென்ற சக்கரத்துக்கும் பறவையின் அழிவுக்கும் இடையே உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் தோல், புல், தீ, புதர், பறவை என அச்சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டே இருக்கின்றன.

சேற்றுக் காலத்தில் மற்றொரு தீங்கு நேர்கிறது. பனி உருகும்போது மண்பாதை குழைந்திருக்கும். அதில் முதலில் செல்லும் வண்டி ஆழமான பள்ளத்தை உண்டாக்குகிறது. அடுத்து வருபவன் அப்பள்ளத்துக்கு அஞ்சி ஓரமாக விலகிச் செல்கிறான். அதற்கும் அடுத்தவன் இன்னும் விலகுகிறான். இவ்வாறு ஒரு பாதை மூன்று பாதை ஆகிறது. ஒருவரும் புதுப்பாதை அமைக்க எண்ணவில்லை. ஆயினும் புல்வெளி சேற்றுவெளி ஆகிவிடுகிறது. ஓடைகளின் நிலையும் இத்தகையதே. ஸ்டீல்ஹெட் முதலிய மீன்கள் தெளிந்த ஓடையின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுகின்றன. வண்டி ஓடையில் இறங்கினால் கற்கள் புரண்டு முட்டைகள் நசுங்கும். கலங்கிய வண்டல் படிந்து எஞ்சியவற்றை மூச்சடைக்கச் செய்யும்.

விலங்குகளுக்கு நேரும் தொல்லை இதனினும் நுட்பமானது. குளிர்காலத்தில் எல்க் மானுக்குக் கிடைக்கும் உணவு குறைவு, சத்தும் குறைவு. கோடையில் உண்டு சேர்த்த கொழுப்பே அதன் கருவூலம். அக்கருவூலத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு இளவேனில் வரையில் அது உயிர் தாங்க வேண்டும். வண்டியின் ஒலி கேட்டு ஆழ்ந்த பனியில் அஞ்சி ஓடும் ஒவ்வொரு முறையும் அக்கருவூலம் குறைகிறது. பெண்மானாயின் வயிற்றில் கன்றும் இருக்கும். ஒரு முறை ஓடுவதால் அது இறந்துவிடாது. நாள்தோறும் ஓட நேர்ந்தால் வசந்தத்தைக் காணாது. அண்டை மாநிலமாகிய ஒரிகனில் ஸ்டார்க்கி என்னும் ஆய்வுக்காடு உள்ளது. அங்கே எல்க் மான்களின் கழுத்தில் வானொலிப் பட்டைகளைக் கட்டி, மனிதர் பலவகையில் நெருங்கும்போது அவை எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அறிஞர் ஆராய்ந்தனர். நடந்து வருவோரைக் கண்டும் மான்கள் விலகுகின்றன. ஆனால் மோட்டார் வண்டி வரும்போது அவற்றின் அலைச்சல் மிகுந்து, மேய்ச்சல் குறைகிறது என்பது அவ்வாய்வில் புலனாயிற்று.

இக்காரணம் பற்றியே சில வனவிலங்குப் பகுதிகள் குளிர்காலத்தில் மூடப்பட்டு, மே மாதத் தொடக்கத்தில்தான் திறக்கப்படுகின்றன. ஆண்மான்கள் இளவேனிலில் தம் கொம்புகளை உதிர்த்துவிடுவது இயல்பு. உதிர்ந்த அக்கொம்புகளைத் திரட்டும் ஆர்வம் பலருக்கு உண்டு; அவை விலைபோவதும் உண்டு. காலத்துக்கு முன்னே நுழைந்து கொம்பு தேடுவோர், மெலிந்து தளர்ந்த மான்களை மேலும் அலைக்கழிப்பர். ஆதலால் திறக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்நாள் விடியற்காலையில் ஏராளமான மக்கள் வாயிலில் கூடி நிற்பர். கொம்பு எங்கும் போய்விடாது, மான்தான் போய்விடக்கூடும்.

இக்கட்டுப்பாடுகளை எல்லோரும் மகிழ்ச்சியோடு ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. "இந்நிலம் எங்கள் வரிப்பணத்தால் வாங்கப்பட்டது. எங்கள் நிலத்தில் எங்களைத் தடுப்பது முறையா?" என்று கேட்போர் உளர். முதியோரும் உடற்குறை உடையோரும் நெடுந்தொலைவு நடக்க மாட்டார். அவர்களுக்கு வண்டியன்றி வழியில்லை என்று கூறுவோரும் உளர். இக்கூற்றுகளில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனாலேதான் பாதைகள் யாவும் மூடப்படவில்லை. பச்சைப் புள்ளி என்பது மறுப்பின் சின்னம் அன்று; இசைவின் சின்னம். அது முதற்கண் சொல்வது, 'இவ்வழியே வருக' என்பதே. நாட்டின் மைய அரசாங்கத்துக்கு உரிய நிலங்களிலும் இதே நோக்கம் பின்பற்றப்படுகிறது. 1972ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் நிக்சன் பிறப்பித்த ஆணையொன்று, சாலையை விட்டுச் செல்லும் வண்டிகள் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்பதை வரையறுக்குமாறு அரசாங்கத் துறைகளைப் பணித்தது. மண்ணுக்கும் விலங்குக்கும் கேடு குறைய வேண்டும் என்பதோடு, நிலத்தை நாடி வரும் பலதிறத்தாரிடையே பூசல் குறைய வேண்டும் என்பதும் அவ்வாணையின் கருத்தாகும்.

இனி, இத்தகைய நிலத்துக்குச் செல்பவன் மேற்கொள்ள வேண்டிய முறைகள் சில உண்டு. புறப்படுமுன் அவ்வாண்டுக்குரிய வரைபடத்தைப் பார்த்து, எப்பாதை திறந்துள்ளது என்பதை அறிய வேண்டும். போதிய குடிநீர், மாற்றுச் சக்கரம், மண்வெட்டி ஆகியவற்றை உடன்கொண்டு செல்ல வேண்டும். எரிமலைக் கற்களின் கூர்முனை சக்கரத்தை எளிதில் கிழித்துவிடும். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிச் செல்லுதல் நன்று. மேட்டிலும் பள்ளத்திலும் வேகத்தைக் குறைத்துச் செலுத்த வேண்டும். பாதை குழைந்திருந்தால் திரும்பிவிடுதலே அறிவுடைமை. உலர்ந்த புல்லின்மீது வண்டியை நிறுத்தலாகாது. புகைக்குழாயின் வெப்பமே தீ மூட்டப் போதும். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும். குதிரை எதிர்ப்பட்டால் வண்டியை நிறுத்தி வழிவிட வேண்டும். ஒரு விலங்கு தலையை நிமிர்த்தி நோக்குமானால், அதுவே நெருங்கியது போதும் என்பதற்கு அறிகுறி.

எல்லாவற்றினும் மேலாக, இன்ஜினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அமைதியாக இருக்கக் கற்க வேண்டும். ஓடும் வண்டிக்குப் புழுதியும் கல்லும் தெரியும். நின்ற வண்டிக்கே வானம்பாடியின் குரல் கேட்கும். எதிர்ச்சரிவில் மேயும் மான்கூட்டம் தெரியும். மழை நனைத்த சேஜ் புதரின் மணம் வரும். எதைக் காண்பதற்காக அவ்வளவு தொலைவு வந்தோமோ, அது நின்றவர்க்கே வாய்க்கிறது.

பரந்த அந்நிலத்தைக் காக்கும் அலுவலர் மிகச் சிலரே. மாலை வேளையில், மலைச்சரிவில் தனியே செல்லும் வண்டியை எவரும் பார்ப்பதில்லை. பாதையை விட்டு விலகினால் அன்றைக்குத் தண்டிப்பாரும் இல்லை. ஆனால் அவன் விட்டுச் செல்லும் தடம், பின்னே வருபவனை 'இங்கும் வழி உண்டு' என்று அழைக்கும். அவனுடைய தடம் அடுத்தவனை அழைக்கும். கெட்ட வழிகாட்டியாகிய அம்முதல் தடத்தை இடாதிருப்பவனே அந்நிலத்தின் உண்மையான காவலன். பொதுநிலத்தின் கரை மண்ணாலோ கல்லாலோ ஆனதன்று. அதனைப் பயன்படுத்துவோருடைய நெஞ்சத்து நேர்மையால் ஆனது. கம்பத்தில் உள்ள பச்சைப் புள்ளி அதனை நினைவூட்டும் சிறு குறியே ஆகும்.